முழங்கால்சாமிக்கு எண்ணெய்

அந்தப் பையைத் தூக்கி மடியில வச்சுக்கோம்மா, நான் உக்காரணும். ஆங்... அவ்வளவுதான். இல்ல இல்ல, முழங்கால் வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. படிக்கட்டு உயரம். இந்த பஸ்ஸைச் செஞ்சவனுக்கு ஒட்டகச்சிவிங்கி மாதிரி கால் இருந்திருக்கும், தன் அளவுக்குப் படி வச்சுட்டுப் போயிட்டான். ஏறும்போது ஒரு பிடி பிடிச்சுது. அதுக்குப் பேர் வலியா? வலின்னா என்னன்னு எங்க ஊருக்கு வந்து பாக்கணும் நீ.

செம்மணல்விளை. கேள்விப்பட்டிருக்க மாட்ட. போன வருசம் பேப்பர்ல வந்துச்சே, குக்கிராமக் கோயில்ல பல நூறு வருசத்துக் கண்ணாடி ஓவியம்னு? படிக்கலியா? படிக்காம இருந்ததே நல்லது. அதுல பூராவும் தப்பு. என் பேரே இல்ல.

நீ எதுவரைக்கும் போற? டவுனுக்கா? நானும் அங்கதான். அப்ப ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. சொல்லுதேன், கேளு. போனைப் பொறவு நோண்டலாம். முன் சீட்டுல நீலச் சேலைக்காரி ஒருத்தி தலையத் தொங்கப்போட்டுத் தூங்குதா பாத்தியா? வண்டி நகர்றதுக்கு முன்னாடியே தூங்கிட்டா. குடுத்து வச்சவ. எனக்குப் பஸ்ஸுல கண்ணு மூடாது. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா வாயும் மூடாதுன்னு என் வீட்டுக்காரரு சொல்லுவாரு. அவரு சொல்லுறது அது ஒண்ணுதான், நாப்பது வருசமா.

எங்க ஊருக் கோயில் வியாகுல மாதா கோயில். தெக்குச் சுவத்துல, பொம்பளையாளு உக்காருற பக்கம், ஒரு பெரிய கலர் கண்ணாடிச் சன்னல் உண்டு. உண்டுன்னா, இருந்துச்சு. அதைக் கொண்டாந்தது பெர்னார்டு சாமின்னு ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியாரு. நூத்தம்பது வருசம் இருக்கும். அவரு சொந்த ஊரும் நம்ம ஊரு மாதிரி ஒரு பட்டிக்காடுதானாம். அங்கயும் ஒரு பங்குக் கோயில். அந்த ஊர்க்காரனுவளுக்குத் திடீர்னு பவுசு வந்து, பழைய கண்ணாடியக் கழட்டி எறிஞ்சிட்டு வெள்ளைவெளேர்னு புதுசு மாட்டியிருக்கானுவ. இவரு குப்பையில கெடந்ததப் பொறுக்கி, பீப்பாயில வைக்கோல் திணிச்சு, கப்பல்ல ஏத்தி, எங்க தேரி மணல்ல மாட்டுவண்டி வச்சுக் கொண்டாந்து சேத்துட்டாரு. ஆக, வெள்ளைக்காரன் வேண்டாம்னு கழிச்சுப் போட்டத நாங்க மாட்டிக்கிட்டோம். பணக்காரச் சொந்தக்காரி பழைய சேலைய மடிச்சுக் குடுத்துட்டு, 'பட்டு, பத்திரம்'னு சொல்லுவாளே, அந்தக் கதைதான். நெசமாவே பட்டுன்னு எங்களுக்குப் பொறவுதான் தெரிஞ்சுது.

துண்டு துண்டா வெட்டின கண்ணாடி, இடையில ஈயம் வச்சு இணைச்சது. மேல வியாகுல மாதா, மடியில செத்த மகன். செவப்பும் நீலமும் அப்படி ஒரு கெட்டி. மார்கழி மாசம் பூசை நேரத்துல வெயிலு அது வழியா விழுந்து எங்க முக்காடெல்லாம் கலர் கலரா ஆயிடும். புதுச் சேலை கட்டிட்டுப் போறதே வீண், எவளுக்கும் நெசக் கலர் தெரியாது.

கீழ இடது மூலையில, நம்ம கைக்கு எட்டுற உயரத்துல, ஒரு ஆளு. முழங்கால் போட்டுக் கை குவிச்சு இருப்பாரு. வழுக்கைத் தலை, நீளமா ஒரு செவப்புக் கோட்டு, மஞ்சள் கரை, இடுப்புல ஒரு தோல் பை. முகத்துல ஒரு கவலை, அடுப்ப அணைக்காம வந்துட்டவன் மாதிரி. அவருதான் முழங்கால்சாமி.

நெசப் பேரு யாருக்கும் தெரியாது. பெர்னார்டு சாமி சொல்லாமலே செத்துட்டாரு. எங்க ஊரு பனையேறிக ஊரும்மா. முழங்கால் தேயாத ஆம்பளை அங்க கிடையாது. அவனுவ பாத்தானுவ. இவரு முழங்கால் போட்டிருக்காரு. இடுப்புல மருந்துப் பை வச்சிருக்காரு. அப்ப இவரு முழங்காலுக்கு வைத்தியம் பாக்குற புனிதரு. வேற என்னவா இருக்க முடியும்? நீ படிச்ச பிள்ள, நீயே சொல்லு. சனிக்கிழமை சாயந்தரம் விளக்கேத்தி, அவரு தலையில இருந்து முழங்கால் வரைக்கும் விளக்கெண்ணெய் தடவி, அந்தக் கையோட நம்ம முழங்கால்ல தடவிக்கணும். வலி போனா வெள்ளித் தகட்டுல ஒரு கால் செஞ்சு ஆணியில தொங்கவிடணும். சுவரு பூரா கால். ஒரு தடவை வெளியூர்க் கல்யாணத்துக்கு வந்தவன் ஒருத்தன், 'இது செருப்புக் கடையா'ன்னு கேட்டு அடி வாங்கிட்டுப் போனான்.

அந்த விளக்கு எங்க குடும்பத்துப் பாத்தியம். என் வீட்டுக்காரரோட பாட்டனாரு பனையில இருந்து விழுந்து, மூணு மாசம் தவழ்ந்து, அந்த எண்ணெயத் தடவித்தான் எழுந்து நடந்தாராம். அன்னையிலிருந்து எங்க வீட்டு மூத்த மருமகதான் விளக்கேத்தணும். மூத்த மருமக. மனசுல வச்சுக்கோ. நான் பிரகாசி, மூத்தவ. எனக்குப் பொறவு ஆறு வருசம் கழிச்சு வந்தவ சலேத்து, என் கொழுந்தன் பொண்டாட்டி, என் ஓரகத்தி. வரும்போது ஒரு தகரப் பெட்டியும் ஒரு சிரிப்பும் கொண்டாந்தா. பெட்டி துருப்பிடிச்சுப் போச்சு. சிரிப்பு இன்னும் இருக்கு.

எங்க மாமியாவுக்குக் கடைசி நாலு வருசம் கால் விழுந்து போச்சு. படுக்கைதான். அதுல பாரு, சலேத்து தினமும் சாயந்தரம் போயி உக்காந்து மாமியா கால்ல எண்ணெய் தேச்சு விடுவா. தேச்சுக்கிட்டே என்னத்தயோ ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிச் சிரிப்பாளுவ. பெரிய தொண்டு! நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? தினம் அந்த ரூமைக் கழுவி விட்டேன். டெட்டால் ஊத்தினேன். மெத்தைய வெயில்ல போட்டேன். மாமியாவையும் வெயில்ல போட்டேன். 'எண்ணெய் வாடை குடலப் புடுங்குது, இந்த வீட்டுல மனுசன் இருக்கிறதா வேண்டாமா'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். சரி, ரெண்டு மூணு தடவை. சுத்தம் வேணும்னு சொல்லுறது ஒரு குத்தமா?

சாகுறதுக்கு மொத நாள் அந்தக் கிழவி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, வெண்கல விளக்கையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் தலைமாட்டுல இருந்து எடுத்தா. நான் கைய நீட்டிட்டேன்ம்மா. நீட்டின கை அப்படியே நிக்கு. விளக்கு என்னைத் தாண்டிப் போயி சலேத்து மடியில உக்காந்துச்சு. சொந்தக்காரங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருந்தாவ. நான் என்ன செய்ய? நீட்டின கையால மாமியாவுக்குப் போர்வைய இழுத்து விட்டேன். அந்தக் கை இன்னைக்கு வரைக்கும் எரியுது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன், அழுதேன். மாமியா செத்ததுக்கு அழுததா எல்லாரும் நெனச்சுக்கிட்டாவ. நல்ல பேரு.

சரி, விளக்கு போனா என்ன? எனக்குக் கோயில்ல வேற மதிப்பு உண்டு. வருசா வருசம் கிறிஸ்மசுக்கு முன்னாடி அந்தச் சன்னலக் கழுவுறது யாரு? நான். முப்பது வருசம். ஏணி போட்டு ஏறி, தேங்கா நாரு, சோப்புத்தூளு, கடைசியா எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா ஒரு மினுக்கு வரும் பாரு! முழங்கால்சாமிய மட்டும் தொட மாட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு, கை வழுக்கும். அது அவுக பாத்தியம், அவுகளே கழுவட்டும். ஆனா மேல, மாதா முகத்துல, கண்ணுக்கிட்ட, மூக்குக்கிட்ட எல்லாம் கரி கரியா கோடு. அழுக்கு. முதல் வருசம் போகல. விடுவனா? வருசத்துக்குக் கொஞ்சமாத் தேச்சுத் தேச்சு, கடைசியில முகம் நிலாக் கணக்கா ஆயிட்டு. ஒரு கறை கிடையாது. அப்ப இருந்த சாமியாரு பிரசங்கத்துலயே சொன்னாவ, 'பிரகாசியோட கை பட்டு மாதா பிரகாசிக்காவ'ன்னு. சலேத்து பேரை எந்தப் பிரசங்கத்துல சொன்னாவ? நீயே கேட்டுப் பாரு, ஒருத்தரும் இல்ல.

பொறவு ரொசாரியோ சாமின்னு ஒரு சின்னச் சாமியாரு மாத்தலாகி வந்தாவ. படிச்சவுக. எதுக்கெடுத்தாலும் ஆதாரம் கேப்பாவ. ஒரு சனிக்கிழமை பூசை முடிஞ்சு சாமான் அறை வாசல்ல நின்னு, ரொம்ப பக்தியா ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சாமி, அந்த மூலையில இருக்க புனிதருக்குப் பேரு என்ன? பேரு தெரியாத ஒருத்தருக்கு விளக்கேத்துறது திருச்சபையில செல்லுமா?" அவ்வளவுதான். கேள்வி கேட்டா அறிவு வளரும்னு நீங்கதான சொல்லுதீங்க, படிச்சவங்க? திரும்பிப் பாத்தா, தூணுக்குப் பின்னால சலேத்து குத்தவச்சுத் திரி திரிச்சுக்கிட்டு இருக்கா. நான் கேட்டது ஒவ்வொரு வார்த்தையும் அவ காதுல விழுந்திருக்கு. தலையக்கூட நிமிர்த்தல. திரிச்சுக்கிட்டே இருந்தா.

சாமியாரு போட்டோ எடுத்து எங்கயோ அனுப்பினாவ. தவசு காலம் ஆரம்பிச்ச வாரம் ஒரு வெள்ளைக்காரம்மா வந்து இறங்கினா. அவ வேலையே பழைய கோயில் கண்ணாடி பாக்கிறதுதானாம். அதுக்கும் ஒரு வேலை! பாண்டிச்சேரியில இருந்து ஒரு கன்னியாஸ்திரி மொழிபெயர்க்கக் கூட வந்தாவ. அந்தம்மா ஏணி போட்டு ஏறி, லென்சு வச்சுப் பாத்து, பஞ்சால தொட்டு, ஒரு நாள் பூரா அதுலயே கெடந்தா. ஊரே கூடி வேடிக்கை. மேல் பாதி ரொம்பப் பழசாம், எழுநூறு வருசத்துக்குப் பக்கமா. கீழ் பாதி அதுக்கு இருநூறு வருசம் பிந்தி, வேற கைவேலையாம். எப்படித் தெரியும்னா, அந்த மஞ்சள் கரைய வச்சு. வெள்ளிய அரைச்சுக் கண்ணாடியில பூசிச் சூளையில சுட்டா மஞ்சளா வருமாம். வெள்ளி எப்படி மஞ்சளாகும்னு நான் கேட்டேன். கன்னியாஸ்திரி அதை மொழிபெயர்க்கல.

அப்ப அந்தம்மா மேல ஏறினவ அங்கயே நின்னுட்டா. ரொம்ப நேரம். பொறவு கீழ எங்களப் பாத்து ஒரு வார்த்தை கேட்டா. கன்னியாஸ்திரி மெதுவாச் சொன்னாவ: "மாதாவோட முகம் எங்கன்னு கேக்காங்க."

முகம் எங்கயா? அங்கதான இருக்கு, பளபளன்னு! இல்லியாம். கண்ணு, மூக்கு, கன்னத்துல வழிஞ்ச கண்ணீரு, எல்லாம் பழங்காலத்துல மையால எழுதிச் சுட்டதாம். கரிக்கோடு மாதிரி இருந்தது அதுதானாம். யாரோ சுரண்டி எடுத்துட்டாங்களாம். யாரு எடுத்தான்னு கேக்கா. ஊரே இருக்கு. நான் என்ன சொல்லுவேன்?

"மழை"ன்னேன்.

"கோயிலுக்கு உள்பக்கமா?"

"எங்க ஊரு மழை அப்படித்தான்"ன்னேன்.

அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. ஊர்க்காரனுவளுக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு, ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கானுவ. அப்ப இந்தச் சலேத்து எண்ணெய்க் கிண்ணத்தோட முன்னால வந்தா. "ஆமா சிஸ்டர், கூரை ஒழுகும். பல வருசமா மாதா முகத்து மேலேயே ஒழுகுச்சு, நாங்கதான் கவனிக்கல"ன்னா. நான் கேட்டனா அவகிட்ட? சாட்சிக்குக் கூப்பிட்டனா? சாமியாரு முன்னாடி பொய் சொல்லுதா, அதுவும் தவசு காலத்துல! எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு.

சரி, அதை விடு. கீழ வந்தா முழங்கால்சாமி. அந்தம்மா எண்ணெயத் தொட்டுப் பாத்து முதல்ல தலையில கைய வச்சா. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். பொறவு ஒரு ஓரமாப் பஞ்சால துடைச்சா. துடைச்சவ அப்படியே உக்காந்துட்டா. முகம் அப்படியே இருக்காம். இமை மயிரை எண்ணலாமாம், கன்னத்துல மூணு நாள் தாடிகூடத் தெரியுதாம். நூத்தம்பது வருசம் ஏறின எண்ணெய்தான் கடக்கரை ஈரக்காத்து படாம அதைக் காப்பாத்தியிருக்குன்னு சொன்னா. 'யாரு எண்ணெய் பூசினது'ன்னு கேட்டு, சலேத்து கையப் பிடிச்சு ஒரு முத்தம் குடுத்தா. தேச்சுச் சுத்தம் பண்ணவளுக்குக் குற்றவாளிக் கூண்டு, அழுக்குப் பண்ணவளுக்குக் கையில முத்தம். உலகம் எந்த லட்சணத்துல போகுதுன்னு பாத்துக்கோ.

ஆனா எனக்கு வேண்டியதும் கிடைச்சுதும்மா. முழங்கால்சாமி யாருன்னு சாமியாரு கேட்டாவ. அந்தம்மா அவரு இடுப்புப் பையக் காட்டிச் சிரிச்சா. அது மருந்துப் பை இல்லியாம், பணப் பையாம். ஆளு துணி வியாபாரியாம். கீழ்ப் பாதிச் சன்னலுக்குச் செலவு பண்ணவன். செலவு பண்ணவன் தன் படத்தையும் ஒரு மூலையில போட்டுக்கிறது அந்தக் காலத்து வழக்கமாம். சாமியாரு எங்களுக்கு விளக்கமாச் சொன்னாவ, "நம்ம ஊர்ல டியூப்லைட்டுல உபயம்னு பேரு எழுதி வெளிச்சத்த மறைக்கமே, அது மாதிரி"ன்னு.

எனக்குப் பாயசம் குடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு ஜவுளிக்கடைக்காரன்! எத்தனை மனுசன் அவன் கால்ல விழுந்திருப்பான்! என்ன ஒரு பவுசு பாரு அவனுக்கு, மாதா மகனை மடியில போட்டு அழுதுக்கிட்டு இருக்கா, இவன் கீழ உக்காந்து படத்துக்கு முகத்தக் காட்டுறான். இப்படியும் உண்டா மனுசங்க, நாலு காசு குடுத்துட்டுத் தன் பேரைச் சாமி பக்கத்துல ஒட்டிக்கிறவங்க? நான் திரும்பி சலேத்து மூஞ்சியப் பாத்தேன். இப்ப அழுவா, விளக்கை விட்டுட்டுப் போவான்னு. அவ கிண்ணத்த ஒரு கையில இருந்து மறு கைக்கு மாத்தினா. மாத்திட்டு, "வியாபாரின்னா என்னக்கா? இத்தனை நூறு வருசமா முழங்கால எடுக்காமத்தான இருக்காரு. அவருக்கும் வலிக்காமலா இருக்கும்?"ன்னா. சொல்லிட்டு, அந்தம்மா துடைச்ச இடத்துல கொஞ்சம் எண்ணெயத் தொட்டு வச்சா. இவகிட்ட என்னத்தப் பேச? முட்டாளோட பேசி ஜெயிச்சவ எவளாவது உண்டா?

நான் நெனச்சது அதோட முடியும்னு. முடியல. விலைமதிப்பு இல்லாத பொருளை இப்படி மணல்காட்டுல வைக்கக் கூடாதுன்னு மேலிடத்துல இருந்து உத்தரவு வந்துட்டு. டவுன்ல பிஷப் பங்களாவுக்குப் பக்கத்துல ஒரு மியூசியம் கட்டியிருக்காவல்ல, அங்க கொண்டு போறதுன்னு. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் லாரி வந்துச்சு. கையுறை போட்ட ஆளுக ஈயத்தோட அப்படியே பேத்து, பஞ்சு வச்ச பெட்டியில படுக்க வச்சானுவ. மொத மாதா. பொறவு மகன். பொறவு அந்த ஆளு. பொம்பளையாளுவ மாரடிச்சு அழுதாளுவ. சலேத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, கடைசியா ஒரு தடவை எண்ணெய் வச்சுக்கட்டுமான்னு. கையுறைக்காரன் ஒருத்தன் கூடாதுன்னுட்டான். அவ கிண்ணத்த முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு ஓரமா நின்னா.

லாரி மறையுற வரைக்கும் நானும் வாசல்லயே நின்னேன்ம்மா. நான் விளக்குதான் கேட்டேன். சன்னலையா கேட்டேன்?

அப்ப அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனைக்கும் காரணம் இவதான், இவ கேட்ட கேள்விதான்னு ஊரு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தலை மயிரு ஒண்ணு மிஞ்சியிருக்காது. சொல்லல. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. என்கிட்டகூடச் சொல்லல. அப்படி ஒரு அழுத்தக்காரி. திட்டினா திருப்பித் திட்டலாம். இவள வச்சு என்ன செய்ய?

சன்னல் இருந்த இடம் ஓட்டையாக் கெடந்துச்சு. காக்கா வந்து பீடத்துல உக்காந்து பூசை கேக்குது. பாஸ்குக்கு, அதான் ஈஸ்டருக்கு, முன்னாடி யாராவது அடைச்சாகணும். என் மக துபாய்ல இருந்து அனுப்பினதுல நாங்களே அடைச்சுக் குடுத்தோம். அலுமினியச் சட்டம், உள்ள பனி படிஞ்ச மாதிரி கண்ணாடி. ஆமா, பாத்ரூமுக்குப் போடுவாவளே அதுதான். ஏன், அதுல வெளிச்சம் வராதா? கீழ மூலையில பெயிண்டரு செவப்பு எழுத்துல எழுதிட்டான், 'உபயம்: பிரகாசி குடும்பத்தார்'னு. நான் எழுதச் சொல்லல. அவனாத்தான் எழுதினான். எழுத்து சின்னதா இருக்கேன்னு மட்டும் சொன்னேன். அதுக்கு அவன் அழிச்சுட்டுப் பெருசா எழுதினா நான் என்ன செய்ய முடியும்? எந்த மூலையா? இடது மூலை. அங்கதான் எழுத எடம் இருந்துச்சு. இதுல சிரிக்க என்ன இருக்கு?

இப்பக் கேளு கூத்த. பாஸ்கு முடிஞ்ச சனிக்கிழமை. சாயந்தரம் கோயிலுக்குப் போறேன். சலேத்து வெண்கல விளக்கக் கொண்டாந்து அதே எடத்துல ஏத்தி வச்சிருக்கா, பாத்ரூம் கண்ணாடிக்கு முன்னாடி. பின்னால வழக்கம் போல கெழடு கட்டையெல்லாம் வரிசையா நிக்கு. ஒவ்வொருத்தரா வந்து எண்ணெயத் தொட்டு, அந்த மூலையில, பழைய முழங்கால் இருந்த உயரத்துல, தடவுதாவ. அங்க என்ன இருக்கு? என் பேரு. என் பேரு மேல எண்ணெயத் தடவி, தன் முழங்கால்ல தடவிக்கிட்டுப் போறாவ!

நீ நெனைப்ப, எனக்குப் பெருமையா இருந்திருக்கும்னு. எனக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். விளக்கு எனக்கு வரணும்னு எத்தனை நாள் மனசு எரிஞ்சிருக்கும்! இப்ப விளக்கு என் பேருக்கே எரியுது, ஏத்துறவ சலேத்து. தலைக்கு முக்காடு போட்டு, கண்ண மூடிக்கிட்டு, ரொம்ப மரியாதையா. என்னால அங்க நிக்க முடியல. அவமானமா இருந்துச்சும்மா. துணிக்கடைக்காரனுக்காவது முகம் இருந்துச்சு, கை குவிச்சிருந்தான். என் பேரு சும்மா நெட்டையா நிக்கு அங்க. அடுத்த வாரம் பெயிண்டரக் கூப்பிட்டு அழிச்சிடலாமான்னுகூட வந்துச்சு. பொறவு, மக அனுப்பின காசு, அவ பிள்ளைக பேரு விளங்கணும்னு விட்டுட்டேன்.

அந்த மாசத்துலயே வலி பிடிச்சுக்கிட்டு. சரி, வலிதான். முதல்ல இல்லன்னு சொன்னேன், இப்ப சொல்லுதேன், போதுமா? வலது கால். ராத்திரி பூரா குடையுது. டாக்டரு தேய்மானம்னாவ. என்னைப் போயி! நான் பனையேறினனா? சன்னலுக்கு ஏணி ஏறினதுதான். ஊரு பூரா வலிக்கிறவன் எல்லாம் போயி எண்ணெய் தடவிக்கிட்டு வாரான். நான் எங்க போக? எனக்கு வலிச்சா நான் என் பேரு மேலயா எண்ணெயத் தடவ?

யாருகிட்டயும் சொல்லல. சுவத்தப் பிடிச்சு நடந்தா சேலை தடுக்குதுன்னு சொல்லிக்கிட்டேன். போன வாரம் சலேத்து வந்து நிக்கா. "அக்கா, எனக்கு அவரை ஒரு தடவை பாக்கணும் போல இருக்கு. மியூசியத்துக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. துணைக்கு வாரியளா?"ன்னா. அவளுக்கு டவுனு புதுசா? மாசம் ஒரு தடவை கண்ணாஸ்பத்திரிக்குத் தனியாப் போயிட்டு வாரவ. சரி, ஏதோ பயப்படுதா, போனாப் போகுதுன்னு நான் துணைக்கு வாரேன். எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல.

ஆமா, முன்னால தூங்குதாளே நீலச் சேலை. அவதான். நான் மொதல்லயே சொல்லல? ஏய், வாயைப் பொத்தாத, அவளுக்குக் கேக்காது. கேட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டா, அதான் இவ்வளவு நேரமாச் சொல்லுதனே.

அவ மடியில மஞ்சப் பை இருக்குல்ல, அதுல ஒரு சின்னக் குப்பி. விளக்கெண்ணெய். மியூசியத்துல தொட விட மாட்டான், தெரியும். கண்ணாடிக்கு முன்னாடி இன்னொரு கண்ணாடி வச்சுப் பூட்டியிருக்கானாம், ஒரு காவல்காரன் வேற. இத்தனை வருசமா நாங்க தடவினத முழங்கால்சாமி பாத்திருக்காருல்ல, வெளிக்கண்ணாடி மேல தடவினாலும் அவருக்குப் புரிஞ்சிடும்னு சலேத்து சொல்லுதா. காவல்காரன என்கிட்ட விட்டுரு, நான் பேச்சுக் குடுக்கேன்னு சொல்லியிருக்கேன். உன்கிட்ட பேசினதுல பாதி பேசினா போதும், எவனாவது சன்னலோட சுவத்தையே பேத்துக்கிட்டுப் போனாலும் அவன் பாக்க மாட்டான். அந்த நேரத்துல அவ எண்ணெயத் தொட்டு எடுத்துக்கிடுவா. யாருக்கா? யாருக்கோ. அவ கால் நல்லாத்தான் இருக்கு. நான் கேக்கல.

இதா, டவுன் வந்துட்டு. கண்டக்டரே, ஒரு நிமிசம், பொம்பளையாளு இறங்கணும்லா! பையப் பிடிம்மா. ஸ்... ஆண்டவரே. இருங்கய்யா, எழுந்திரிக்கணும்லா. ஒட்டகச்சிவிங்கிக்குச் செஞ்ச வண்டி...

பாத்தியா. முழிச்சுட்டா. நான் கூப்பிடவே இல்ல, வாயத் திறக்கல, அதுக்குள்ள கைய நீட்டிக்கிட்டு வந்து நிக்கா. இந்தக் குணந்தான் இவகிட்ட எனக்கு ஆகவே ஆகாது.

பிடிடீ. கெட்டியாப் பிடி.